மாவு பொங்கும் நேரத்தில் ஓர் அத்தியாயம்

கீமோதெரபிச் சுற்று ஒன்றை முடித்துக்கொண்டு வீடு திரும்பும் ஒவ்வொருவரிடமும் எங்கள் பிரிவில் ஒரு தாள் கொடுத்தனுப்பப்படுகிறது. அதில் இருப்பவை பெரும்பாலும் தவிர்க்க வேண்டியவை. கூட்டம் கூடும் இடங்களுக்குச் செல்ல வேண்டாம். வெட்டி வைத்த பழங்களை வெளியில் வாங்கி உண்ண வேண்டாம். சளி, காய்ச்சல் உள்ளவர்களை அருகில் விட வேண்டாம். தோட்ட மண்ணில் கை வைக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. எதையும் தளர்த்த இயலாது. ஆனால் அத்தாளைப் படித்து முடித்தபின் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “சரிங்க டாக்டர், அப்ப நாள் முழுக்க நான் என்னதான் செய்யறது?”

நியாயமான கேள்வி. இரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சை மாதக்கணக்கில், சில வகைகளில் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. அக்காலத்தில் மருத்துவமனையில் கழியும் நாள்களைவிட வீட்டில் கழியும் நாள்களே அதிகம். வேலைக்குப் போக முடியாது. உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போக முடியாது. அலைபேசித் திரையும் தொலைக்காட்சியும் சில நாள்களில் சலித்துவிடுகின்றன. எஞ்சுவது படுக்கையும், அடுத்த பரிசோதனை முடிவைப் பற்றிய எண்ணமும்தான்.

அக்கேள்விக்கு விடையாக இரண்டு எளிய பழக்கங்களை இக்கட்டுரையில் முன்வைக்கிறேன். ஒன்று, வீட்டிலேயே ரொட்டி, பன், கேக் சுடுவது. மற்றொன்று, மாயக்கதைகள் படிப்பது. இவை இரண்டும் மருந்தல்ல. இவற்றால் நோய் குறையாது. இரத்த அணுக்களின் எண்ணிக்கை உயராது. ஆயினும் நோயோடு வாழ வேண்டிய ஒரு நாளை, வாழத்தக்க நாளாக ஆக்குவதில் இவற்றுக்குப் பங்கு உண்டு என்பதை என் நோயாளிகளிடமிருந்து கற்றிருக்கிறேன்.

கையிலிருந்து பறிபோகும் வேலைகள்

நோய் முதலில் உடலின் வலிமையைக் குறைக்கிறது. அதன்பின், வீட்டில் ஒருவருக்கு இருந்த இடத்தையும் மெல்ல மெல்ல எடுத்துக்கொள்கிறது. இதைச் செய்வது பெரும்பாலும் நோய் அல்ல, குடும்பத்தாரின் அன்புதான். “நீங்க உட்காருங்கம்மா, நாங்க பார்த்துக்கறோம்” என்ற சொல்லில் குறை காண முடியாது. ஆனால் அச்சொல் ஆறு மாதம் தொடர்ந்தால், கேட்பவர் பிறரால் பார்த்துக்கொள்ளப்படும் ஒரு பொருளாகவே தம்மை எண்ணத் தொடங்குகிறார்.

ஐம்பதுகளில் இருந்த ஓர் அம்மையார் நினைவுக்கு வருகிறார். முப்பது ஆண்டுகள் ஒரு கூட்டுக்குடும்பத்தின் சமையலறையை நடத்தியவர். சிகிச்சை தொடங்கிய நாள்முதல் மகள்கள் அவரை அடுப்பருகே விடவில்லை. நோய் கட்டுக்குள் வந்த பின்பும் அப்படியே. “என் வீட்டுலயே விருந்தாளி மாதிரி இருக்கேன் சார்” என்றார். அணுக்களின் எண்ணிக்கை நன்றாக இருக்கும் வாரங்களில், பேரனின் பள்ளிக்கு ஒரு சிறு கேக் சுட்டுத் தரலாம் என்று மகள்களையும் அழைத்துப் பேசி முடிவு செய்தோம். உடல்வெப்பம் குறிப்பதற்காக அவர் ஒரு நோட்டுப்புத்தகம் வைத்திருந்தார். அடுத்த முறை வந்தபோது அதில், காலை, மாலை வெப்பநிலைகளுக்குப் பக்கத்திலேயே, “கேக் நடுவுல அமுங்கிடுச்சு, அடுத்த தடவை தீயைக் குறைக்கணும்” என்று எழுதியிருந்தது. அடுத்த தடவை என்ற அந்தச் சொல்லை நான் கவனித்தேன். அவர் எதிர்நோக்கியிருந்த ஒன்று, அம்முறை பரிசோதனை முடிவாக இல்லை.

மனச்சோர்வுக்கான உளவியல் சிகிச்சையில் இதற்கு ஒப்பான ஒரு நெறி உண்டு. மனம் சரியானபின் வேலை செய்யலாம் என்று காத்திராமல், சிறிய, முடிக்கக்கூடிய, பயனுள்ள ஒரு செயலை முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்வது. செயலின் பின்னே மனம் மெல்ல வருவது. சுடும் வேலை இந்நெறிக்கு நன்கு பொருந்துகிறது.

அன்றாடச் சமையலைவிட இது ஏன் பொருந்துகிறது என்று கேட்கலாம். அன்றாடச் சமையலுக்குக் கட்டாயம் உண்டு. எட்டு மணிக்கு இட்லி வேண்டும். வராவிட்டால் ஒருவர் பட்டினியாகப் போவார். கேக்குக்கு அக்கட்டாயம் இல்லை. இன்று முடியாவிட்டால் நாளை. அமுங்கிப்போனாலும் யாருக்கும் பட்டினி இல்லை. தாளிக்கும் நெடியும் எண்ணெய்ப் புகையும் இல்லை. கீமோதெரபிக்குப்பின் குமட்டலைத் தூண்டுபவை பெரும்பாலும் அவையே. பெரும்பகுதி வேலையை உட்கார்ந்தே செய்யலாம். இவை அனைத்தினும் மேலாக, சுட்டது பிறருக்குக் கொடுப்பதற்கு உரியது. பெறுவதையே மாதக்கணக்கில் செய்துவந்த கை, அன்று ஒருநாள் கொடுக்கிறது.

மாவினுள் நிகழ்வது என்ன?

நம் வீடுகளில் இட்லி மாவு பொங்குவதை அறியாதவர் இல்லை. அரைத்த உளுந்திலும் அரிசியிலும் இயற்கையாகவே உள்ள நுண்ணுயிர்கள் இரவு முழுவதும் வேலை செய்து, வாயுவையும் புளிப்பையும் உண்டாக்குகின்றன. ரொட்டி மாவிலும் நிகழ்வது ஏறத்தாழ அதுவே. இங்கு ஈஸ்ட்டை நாமே சேர்க்கிறோம். அது மாவிலுள்ள சர்க்கரையை உண்டு கரியமில வாயுவை வெளியிடுகிறது. கோதுமைப் புரதம் நீரோடு சேர்ந்து பிசையப்படும்போது குளூட்டன் என்ற மீள்தன்மையுள்ள வலையாகிறது. வாயு அவ்வலையில் சிக்கி மாவை உயர்த்துகிறது. பிசைவது எதற்காக என்பதற்கு விடை இதுவே: வலையைப் பின்னுவதற்காக.

மேற்புறம் பொன்னிறமாகச் சிவப்பதற்கும் மணம் எழுவதற்கும் காரணமான வேதிவினையை 1912இல் விளக்கியவர் லூயி கமீய் மெயார் என்ற பிரெஞ்சுக்காரர். அவர் மருத்துவரும் வேதியியலாளரும் ஆவார். சிறுநீரக நோய்களைப் பற்றியும் ஆராய்ந்தவர். சர்க்கரையும் புரதக் கூறுகளும் வெப்பத்தில் இணைவதே அவ்வினை. இங்கு நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு செய்தி உண்டு. அதே இணைப்பின் தொடக்கநிலை நம் இரத்தத்திலும் உடல்வெப்பத்திலேயே மிக மெதுவாக நிகழ்கிறது. இரத்தச் சர்க்கரை சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாங்கள் அளக்கச் சொல்லும் எச்பிஏ1சி என்பது அந்த ஒட்டுதலின் அளவே. பன்னின் சிவந்த மேற்புறமும் உங்கள் பரிசோதனை முடிவும் வேதியியலில் உறவினர்கள்.

முடிவு தெரிந்த காத்திருப்பு

நோயாளியின் வாழ்வு காத்திருப்பினால் ஆனது. இரத்தப் பரிசோதனை முடிவுக்கு, ஸ்கேனுக்கு, மஜ்ஜைப் பரிசோதனை அறிக்கைக்கு, படுக்கை காலியாவதற்கு, மருத்துவர் வருவதற்கு. இவை எல்லாவற்றிலும் முடிவு என்னவென்று தெரியாது. அதை மாற்றுவதற்கு நம்மால் ஆவதும் ஒன்றுமில்லை. மனத்தை அரிப்பது காத்திருக்கும் நேரத்தின் நீளம் மட்டும் அன்று, இந்தத் தெரியாமையே.

ரொட்டி சுடுவதிலும் பெரும்பகுதி காத்திருப்புத்தான். ஆனால் அது வேறு வகையானது. ஒரு மணி நேரத்தில் மாவு இருமடங்காகும் என்று நமக்குத் தெரியும். ஈரத்துணியை விலக்கிப் பார்த்தால் பெரும்பாலும் ஆகியிருக்கும். நாளின் நடுவே இத்தகைய ஒரு காத்திருப்பு அமைவது மனத்துக்குப் பழக்கமான ஒன்றைத் திருப்பித் தருகிறது: காத்திருந்தால் நல்லதும் வரும் என்ற நினைவை.

உடற்சோர்வு உள்ளவர்களுக்கும் இந்த இடைவெளிகள் உதவுகின்றன. பன் சுடுவதற்கு மொத்தம் இரண்டரை மணி நேரம் ஆகலாம். ஆனால் கைவேலை அரை மணிக்குள் அடங்கும். அதுவும் மூன்று பகுதிகளாகப் பிரிந்து, நடுவே நீண்ட ஓய்வுகளோடு வருகிறது.

ஓர் எளிய பால் பன்

ஆறு பன்களுக்கான அளவு இது.

- மைதா 250 கிராம். விரும்பினால் பாதியைக் கோதுமை மாவாகக் கொள்ளலாம். பன் சற்று அடர்த்தியாக இருக்கும்.
- உலர் ஈஸ்ட் 5 கிராம். சர்க்கரை 25 கிராம். உப்பு அரைத் தேக்கரண்டி.
- காய்ச்சி ஆறவைத்த வெதுவெதுப்பான பால் 150 மில்லி. விரலுக்குச் சுடக்கூடாது, சுட்டால் ஈஸ்ட் இறந்துவிடும்.
- மென்மையான வெண்ணெய் 30 கிராம்.

பாலில் சர்க்கரையையும் ஈஸ்ட்டையும் கலந்து பத்து நிமிடம் வைத்தால் நுரை எழும். நுரை எழாவிட்டால் ஈஸ்ட் பழையது. மாவை வீணாக்காமல் புதிய ஈஸ்ட் வாங்குங்கள். நுரைத்த பாலை மாவிலும் உப்பிலும் ஊற்றிச் சேர்த்து, வெண்ணெயிட்டு, மேசையருகே அமர்ந்தபடி பத்து நிமிடம் பிசையுங்கள். கை வலித்தால் வீட்டிலுள்ள வேறொருவரிடம் கொடுத்துவிடலாம். ஈரத்துணியால் மூடி வையுங்கள். நம் ஊர் வெயிலில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் இருமடங்காகும். ஆறு உருண்டைகளாக்கித் தட்டில் இடைவெளி விட்டு வைத்து, மேலும் அரை மணி நேரம் விடுங்கள். முன்பே சூடாக்கிய ஓவனில் 180 டிகிரி செல்சியஸில் 18 முதல் 20 நிமிடம் சுடுங்கள்.

ஓவன் இல்லாதவர்கள் அடிகனமான பாத்திரத்தின் அடியில் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு தாங்கியும் தட்டும் வைத்து, மூடி போட்டு, மிதமான தீயில் சுடலாம். நேரம் சற்றுக் கூடும். கேக்கை இவ்வாறு சுடுபவர்கள் நம் ஊரில் பலர்.

தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை

இப்பகுதியை நோயாளியும் உடனிருப்போரும் சேர்ந்து படிக்க வேண்டுகிறேன்.

*நாளைத் தேர்ந்தெடுங்கள்.* பெரும்பாலான கீமோதெரபி மருந்துகளில், 7ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருக்கும். அந்நாள்களில் படிப்பதோடு நிறுத்திக்கொண்டு, அடுத்த சுற்றுக்கு முந்தைய வாரத்தில் சுடுவது நல்லது. உங்கள் மருந்துக்கு எந்த நாள்கள் என்பதைச் செவிலியரிடம் கேட்டு நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

*பச்சை மாவைச் சுவைக்காதீர்கள்.* மாவு உலர்ந்திருப்பதால் தூய்மையானது என்று எண்ணுகிறோம். அது சமைக்கப்படாத தானியம்; நோய்க்கிருமிகள் அதில் இருக்கக்கூடும். பச்சை முட்டைக்கும் இது பொருந்தும். கேக் கலவையை விரலால் வழித்துச் சுவைக்கும் பழக்கத்தைச் சிகிச்சை முடியும்வரை விட்டுவிட வேண்டும். மாவைத் தொட்டபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். நடுவில் குச்சியைக் குத்தினால் ஒட்டாமல் வரும்வரை சுடுங்கள்.

*எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவர்கள்* பச்சை மாவையும் ஈஸ்ட்டையும் கையாள்வதை, மாற்றுக் குழுவினர் அனுமதிக்கும்வரை ஒத்திவைக்க வேண்டும். செய்முறையைச் சொல்லிக்கொடுத்து வீட்டிலுள்ளவர்களைச் செய்யவைப்பதும் ஒரு வேலைதான்.

*விரல்களில் மரமரப்பு உள்ளவர்கள்* சூட்டை உணருமுன் தோல் வெந்துவிடும். வின்கிரிஸ்டின், போர்டிசோமிப், பாக்ளிடாக்சல் போன்ற மருந்துகள் பெறுபவர்களுக்கு இது நேரலாம். ஓவனிலிருந்து தட்டை எடுப்பதை வேறொருவர் செய்யட்டும். பிடிதுணி உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்துணி சூட்டை உடனே கடத்தும். ஆக்சாலிபிளாட்டின் பெறுபவர்கள் குளிர்பெட்டியிலிருந்து வெண்ணெயையோ பாலையோ வெறுங்கையால் எடுக்க வேண்டாம். குளிர் பட்டால் விரல்கள் சுரீரென்று வலிக்கும்.

*தட்டணுக்கள் குறைவாக இருக்கும்போது* கத்தி, துருவி வேண்டாம். பாதாம், முந்திரியை வேறொருவர் நறுக்கித் தரட்டும்.

*வாய்ப்புண் உள்ளவர்களுக்கு* ரஸ்க்கும் முறுகலான ரொட்டியும் வலியைக் கூட்டும். பன்னைப் பாலில் ஊறவைத்து உண்ணலாம். உடல் எடை குறைந்துவருபவர்களுக்கு முட்டையும் பாலும் சேர்ந்த மெல்லிய கேக், சோறு இறங்காத நாளில் ஓரளவு ஊட்டம் தரும்.

*சிறுநீரக நோயாளிகள்* கவனிக்க: பேக்கிங் பவுடரில் சோடியம் உண்டு, பல வகைகளில் பாஸ்பேட்டும் உண்டு. ஈஸ்ட்டால் பொங்கும் ரொட்டி அதைவிட ஏற்றது. வாழைப்பழம், பேரீச்சம்பழம், கொட்டை வகைகள் சேர்ந்த கேக்கில் பொட்டாசியம் மிகும். உணவியலாளரைக் கேட்டபின் தொடங்குங்கள்.

*நீரிழிவு உள்ளவர்களும் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களும்* அளவைக் குறைத்து உண்டு, சர்க்கரையை அளந்து பாருங்கள். இங்கு அடிக்கடி எழும் ஓர் ஐயம்: சர்க்கரை உண்டால் புற்றுநோய் வளருமா? உடலின் எல்லா உயிரணுக்களும் குளுக்கோஸைப் பயன்படுத்துகின்றன, புற்றணுக்களும் அப்படியே. ஒரு துண்டுக் கேக்கை மறுப்பதால் அவை பட்டினி கிடந்து மடிவதில்லை. இரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது உண்மை. இனிப்பைத் தொட்டதற்காகக் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை என்பதும் உண்மை.

மாயக்கதை சிறுவர்களுக்கு மட்டுமா?

மாவு பொங்கும் அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது? ஒரு அத்தியாயம் படிக்கலாம். மாயக்கதையாக இருந்தால் நல்லது என்பது என் கருத்து.

“இந்த வயதில் பூதக்கதையா?” என்று கூச்சப்படுபவர்கள் உண்டு. நம் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான மணிமேகலையை அவர்களுக்கு நினைவூட்டுவேன். மணிபல்லவத் தீவின் கோமுகிப் பொய்கையிலிருந்து எழும் அமுதசுரபி, எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். காயசண்டிகை என்ற பெண்ணுக்கு யானைத்தீ என்னும் நோய். எவ்வளவு உண்டாலும் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தீராத பசி. மணிமேகலை அமுதசுரபியிலிருந்து இட்ட உணவில் அந்நோய் தீர்கிறது. நோய், உணவு, மாயம் மூன்றும் ஒரே இடத்தில் கூடும் இக்கதையைச் சீத்தலைச் சாத்தனார் சிறுவர்களுக்காக எழுதவில்லை. விக்கிரமாதித்தன் கதையும் ஆயிரத்தொரு இரவுகளும் அவ்வாறே. ஒவ்வோர் இரவும் ஒரு கதையைச் சொல்லி, மரணத்தை அடுத்த நாளுக்குத் தள்ளிவைக்கும் ஷஹ்ராஸாத், எங்கள் பிரிவின் நோயாளிகளுக்கு அந்நியமானவள் அல்லள்.

இக்காலத்து மாயப்புனைவுக்கு வழிகாட்டியவர்களுள் தலையாயவர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். அவருடைய வாழ்வில் மருத்துவருக்குத் தெரிந்த பெயர்கள் பல வருகின்றன. தந்தையைச் சிறுவயதிலேயே இழந்தார். தாயார் 1904இல் நீரிழிவால் இறந்தபோது அவருக்கு வயது 12. இன்சுலின் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்டது 1922இல்தான். முதல் உலகப்போரில் சோம் போர்க்களத்தில் இருந்தபோது, 1916இல் பேன்களால் பரவும் அகழிக்காய்ச்சல் அவரைப் பற்றியது. கப்பலில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, பர்மிங்காமில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அந்நோயிலிருந்து தேறிவந்த மாதங்களில்தான் அவர் தம் மாய உலகத்தின் முதற்கதைகளுள் ஒன்றான கோண்டோலின் நகரத்தின் வீழ்ச்சியை எழுதினார். பின்னர் உலகெங்கும் படிக்கப்பட்ட அந்தப் புனைவுலகம், நோய்ப்படுக்கையை ஒட்டியே உருவெடுத்தது எனலாம்.

மாயக்கதை படிப்பது உண்மையிலிருந்து தப்பியோடுவது என்ற குற்றச்சாட்டுக்கு 1939இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் அவர் விடையளித்தார். சிறையில் இருப்பவன் தன் வீட்டை நினைப்பதில் என்ன தவறு என்பது அவருடைய வாதத்தின் சாரம். படையை விட்டு ஓடுபவனையும், சிறையிலிருந்து விடுபட விரும்புபவனையும் ஒன்றாக எண்ணக்கூடாது என்றார். ஏழாம் நாள் காய்ச்சலோடு தனியறையில் இருக்கும் ஒருவருக்கு இவ்வேறுபாடு உடனே விளங்கும்.

அவருடைய ‘த ஹாபிட்’ நூல் 1937இல் வந்தது. அதன் நாயகனான பில்போ வீரன் அல்லன். வீட்டையும் வேளைதவறாத உணவையும் விரும்பும் சிறிய உருவத்தான். அழையா விருந்தாளிகள் அவன் வீட்டில் நுழையும் அன்று, தானே சுட்டு வைத்திருந்த கேக்குகளை அவர்களுக்குக் கொடுத்துவிட நேர்கிறது. அப்படிப்பட்டவன்தான் இறுதியில் ஒரு டிராகனின் குகைக்குள் தனியே இறங்குகிறான். அடுத்து வந்த பெருநாவலில், தீமையின் நாட்டுக்குள் நடந்து செல்லும் இருவரை உயிரோடு வைத்திருப்பது, இலையில் பொதிந்த லெம்பாஸ் என்ற மெல்லிய ரொட்டி. போரையும் பசியையும் கண்ட ஓர் எழுத்தாளர், துணிவுக்கும் ரொட்டிக்கும் இடையே இவ்வளவு நெருக்கம் வைத்தது தற்செயலாக இருக்க முடியாது.

மாயக்கதையில் ஆபத்து குறைவில்லை, சாவும் உண்டு. ஆனால் அங்கு அச்சத்துக்கு ஓர் உருவம் இருக்கிறது. நம் அச்சத்துக்கு உருவம் இல்லை. அது ஓர் அறிக்கையிலுள்ள எண்ணாக இருக்கிறது. உருவமில்லாத அச்சத்தோடு நாள் முழுவதும் இருந்தவருக்கு, உருவமுள்ள ஒன்றைப் பிறர் எதிர்கொள்வதைப் பார்த்திருப்பது இளைப்பாறுதல். மேலும், வேண்டாம் என்று தோன்றினால் புத்தகத்தை மூடிவிடலாம். நோயாளியின் நாளில் அவர் விரும்பியபோது நிறுத்தக்கூடியவை மிகச் சிலவே.

எப்படிப் படிப்பது?

சிகிச்சையின்போது கவனம் சிதறுவதும் படித்தது மறப்பதும் இயல்பு. மூளை கெட்டுவிட்டதாக அஞ்ச வேண்டாம். பலருக்கு இது சிகிச்சைக்குப்பின் படிப்படியாகக் குறைகிறது. அதுவரை, குறுகிய அத்தியாயங்கள் உள்ள நூலைத் தேர்ந்தெடுங்கள். கதைமாந்தர் பெயர்களை ஓர் அட்டையில் எழுதி அடையாளத்தாளாக வையுங்கள். சிறுவயதில் படித்ததையே மீண்டும் படிப்பது இன்னும் எளிது. கதை தெரிந்திருப்பதால் மறதி தடையாவதில்லை. 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தனும் வேதாளமும் வந்த கதைகளைப் படித்து வளர்ந்தவர்கள் நம்மில் ஏராளம். இளையோருக்கு ஹாரி பாட்டர் வரிசை தமிழிலும் கிடைக்கிறது.

கண் சோர்ந்தால் கேட்கலாம். டெர்ரி பிராட்செட் என்ற ஆங்கில மாயக்கதை எழுத்தாளருக்கு 2007இல் அல்சைமர் நோயின் அரிய வகை ஒன்று கண்டறியப்பட்டது. தட்டச்சு செய்ய முடியாமற்போனபின் வாய்மொழியாகச் சொல்லியே எழுதினார். 2015இல் மறையும்வரை நூல்கள் வந்துகொண்டிருந்தன. எழுதியவரே குரலுக்கு மாறினார் என்றால், படிப்பவர் செவிக்கு மாறுவதில் இழுக்கில்லை.

ஸ்டீராய்டு எடுக்கும் நாள்களில் இரவு உறக்கம் வராது. மாத்திரையைக் காலையில் எடுக்கச் சொல்வது அதனால்தான். நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. அவ்விரவுகளில் அலைபேசியில் நோயைப் பற்றித் தேடுவதைவிட, மெல்லிய விளக்கொளியில் ஒரு கதை மேலானது.

ஓர் எச்சரிக்கை. பரணிலிருந்து எடுத்த பழைய புத்தகங்களில் தூசியும் பூஞ்சையும் இருக்கும். வெள்ளணுக்கள் குறைந்தவர்களுக்கு அப்பூஞ்சை நுரையீரலில் தொற்றை உண்டாக்கலாம். பூஞ்சை மணமுள்ள நூல்களை அறவே தவிர்த்துவிடுங்கள். வெறும் தூசி படிந்தவற்றை வேறொருவர் வீட்டுக்கு வெளியே தட்டித் துடைத்தபின் வாங்கிக்கொள்ளுங்கள்.

உடனிருப்போருக்கு

படித்துக் காட்டுவது, உடனிருப்போர் செய்யக்கூடிய உதவிகளுள் எளிமையானது. நோயாளியும் துணைவரும் பேசிக்கொள்வதற்கு ஒரு கட்டத்துக்குமேல் மருந்தும் கட்டணமும் அன்றி வேறொன்றும் எஞ்சுவதில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வருந்துவதற்கு மாறாக, இருவரும் ஒரே பக்கத்தைப் பார்க்க ஒரு கதை இடம் தருகிறது.

மின்வாரியத்தில் கம்பியாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் என்னிடம் சிகிச்சை பெற்றார். அவர் விரும்பியது, 1972இல் முத்து காமிக்ஸ் வெளியிட்ட இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துபோகும் நாயகன். முப்பது ஆண்டுகள் கம்பம் ஏறிய தமக்கு ஒருநாளும் அப்படி நிகழவில்லை என்று சொல்லிச் சிரிப்பார். மறுபதிப்புகளை மகன் வாங்கி வந்தார். பிறகு பெரிய நாவல்களுக்கு மாறினார்கள். அவர் அந்நோயிலிருந்து மீளவில்லை. கடைசி வாரங்களில் படித்தது மனைவி, கேட்டது அவர். சில மாதங்கள் கழித்து, எஞ்சிய மருந்துகளைத் திருப்பித் தர அந்த அம்மையார் வந்தார். பாதியில் நின்ற கதையைத் தனியே படித்து முடித்துவிட்டதாகச் சொன்னார். “முடிவு நல்லாத்தான் இருக்கு சார், அவருக்குப் பிடிச்சிருக்கும்” என்றார். அந்த வாரங்களை நினைக்கையில் அவருக்கு மருத்துவமனை மட்டுமே நினைவுக்கு வருவதில்லை என்பது எனக்கு ஆறுதல்.

உடனிருப்போரிடம் இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது: வற்புறுத்தாதீர்கள். “ஏதாவது செய், மனசு லேசாகும்” என்பது இன்னொரு கட்டளையாகிவிடக் கூடாது. மாவையும் புத்தகத்தையும் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தால் போதும். இரண்டாவது: உங்களுக்கென்றும் ஓர் அத்தியாயம் வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி உறங்கும் அரை மணியில் துணி மடிக்காமல் கதை படிப்பது கடமை தவறுவதாகாது.

இவற்றால் இயலாதவை

சோர்வுக்கு எல்லை உண்டு. எதிலும் விருப்பமின்மை, அழுகை, உறக்கமின்மை, வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஆகியவை இரண்டு வாரங்களுக்குமேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திராமல் உடனே எங்களிடம் சொல்லுங்கள். உடல்வெப்பம் 38 டிகிரி செல்சியஸை, அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், ஓவனில் எது இருந்தாலும் அணைத்துவிட்டு மருத்துவமனைக்கு வாருங்கள்.

அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது, உங்கள் மருந்துக்குச் சுடுவதற்கேற்ற வாரம் எதுவென்று கேளுங்கள். செவிலியர் குறித்துத் தருவார். ஆறு பன்களுக்கு 250 கிராம் மாவு போதும். கதைக்கு, வீட்டில் எந்தப் புத்தகம் இருக்கிறதோ அதிலிருந்தே தொடங்கலாம்.